ஜெயிச்சா பிரிட்டிஷ், தோத்தா ஸ்காட்டிஷ்: விளையாட்டு வீரர்களுக்கு மீடியா ஒட்டுற லேபிள் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ரொம்ப வருஷம் ஒரு தமிழ் நாளிதழ்ல ஸ்போர்ட்ஸ் டெஸ்க்ல நைட் ஷிப்ட் பாத்தவன் நான். ஒரு பெரிய டோர்னமென்ட் முடிஞ்சா போதும், ஃப்ரெண்ட்ஸ், சொந்தக்காரங்க எல்லாரும் வாட்ஸ்அப்ல ஒரே மாதிரி கேள்விங்களா அனுப்புவாங்க. இவன் எந்த நாட்டுக்காரன், ஜெயிச்சப்ப ஒரு பேர் தோத்தப்ப ஒரு பேர் போடுறீங்களே ஏன், இதெல்லாம் யார் முடிவு பண்றதுன்னு. தனித்தனியா பதில் போடாம எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு தான் இது.

கேள்வி: "ஜெயிச்சா பிரிட்டிஷ், தோத்தா ஸ்காட்டிஷ்" இது எங்க இருந்து வந்துச்சு?

டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரேவ வச்சு வந்தது. அவர் 1987ல கிளாஸ்கோல பொறந்தவர், டன்பிளேன்னு ஒரு சின்ன ஊர்ல வளர்ந்தவர், அதாவது பக்கா ஸ்காட்லாந்துக்காரர். ஆனா டென்னிஸ்ல ஸ்காட்லாந்துன்னு தனி டீம் கிடையாது, கிரேட் பிரிட்டன் தான். அதனால அவர் ஜெயிச்சா லண்டன் பேப்பர்ல "பிரிட்டிஷ் வீரர்"னு வருது, தோத்தா "ஸ்காட்லாந்து வீரர்"னு வருதுன்னு ஸ்காட்லாந்து ஜனங்க சொல்ல ஆரம்பிச்சாங்க. முதல்ல பேச்சு வழக்குல வந்த கேலி தான், அப்புறம் அது ஒரு பழமொழி மாதிரியே ஆகிடுச்சு.

கேள்வி: பிரிட்டன், இங்கிலாந்து ரெண்டும் ஒண்ணு தானே, இதுல என்ன சண்டை?

ஒண்ணு இல்ல. நம்ம வீட்ல பெரியவங்க எல்லாத்தையும் "இங்கிலாந்து"ன்னே சொல்லி பழகிட்டாங்க, அதான் குழப்பம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூணும் சேர்ந்தா கிரேட் பிரிட்டன், அதோட வட அயர்லாந்து சேர்ந்தா ஐக்கிய ராஜ்ஜியம். விளையாட்டுக்கு வந்தா இன்னும் சிக்கல் ஜாஸ்தி. ஃபுட்பால்ல நாலு பேருக்கும் தனித்தனி டீம், ஏன்னா உலகத்துலயே முதல் இன்டர்நேஷனல் ஃபுட்பால் மேட்ச் 1872 நவம்பர் 30ந் தேதி ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்தது தான் (கிளாஸ்கோல நடந்துச்சு, 0-0), ஃபிஃபா வர்றதுக்கு முன்னாடியே இவங்க தனித்தனியா ஆடிட்டு இருந்தாங்க. ஒலிம்பிக்னா ஒரே டீம். காமன்வெல்த்னா திரும்பவும் தனித்தனி. கிரிக்கெட்ல இங்கிலாந்துன்னு பேர் இருந்தாலும் வேல்ஸும் அதுக்குள்ள தான் இருக்கு. கிறிஸ் ஹாய்னு ஒரு சைக்கிள் வீரர், ஒலிம்பிக்ல பிரிட்டனுக்கு 6 தங்கம் வாங்கினவர், அவரே காமன்வெல்த் போனப்ப ஸ்காட்லாந்து ஜெர்சி போட்டு ஓட்டினார். ரெண்டும் அவரோட நாடு தான், ரெண்டும் உண்மை தான். எழுதுறவன் இந்த ரெண்டு உண்மைல எத எந்த நாளைக்கு எடுக்குறான்ங்கறது தான் பிரச்சன.

கேள்வி: முர்ரே 2006ல ஏதோ இங்கிலாந்துக்கு எதிரா பேசினார்னு சொல்றாங்களே?

அப்ப அவருக்கு 19 வயசு. ஜெர்மனில உலகக்கோப்பை ஃபுட்பால், ஸ்காட்லாந்து அதுக்கு தகுதியே பெறல. இங்கிலாந்து டென்னிஸ் வீரர் டிம் ஹென்மனும் இவரும் சேர்ந்து குடுத்த ஒரு பேட்டில, ஸ்காட்லாந்து இல்லாதத சொல்லி இவர கிண்டல் பண்ணிட்டு யாருக்கு சப்போர்ட்னு கேக்குறாங்க. இங்கிலாந்த எதிர்த்து யார் ஆடுறாங்களோ அவங்களுக்குன்னு இவர் பதிலுக்கு சொல்லிட்டார். நம்ம ஊர்ல மதுரைக்காரனும் கோயம்புத்தூர்க்காரனும் பக்கத்து பக்கத்துல உக்காந்து ஒருத்தர ஒருத்தர் ஓட்டிக்கிற மாதிரி ஒரு விஷயம் அது. ஆனா பேட்டி எழுத்தா அச்சுல வந்தப்ப சிரிப்பு காணாம போயிடுச்சு, வார்த்தை மட்டும் தான் நின்னுச்சு. அதுக்கப்புறம் பல வருஷம், ஒவ்வொரு விம்பிள்டனுக்கும் இவர் இங்கிலாந்த வெறுக்குறவர்னு யாராவது கிளப்பிட்டே இருந்தாங்க. நான் ஸ்காட்டிஷ், நான் பிரிட்டிஷும் தான், இங்கிலாந்துக்கு எதிரி கிடையாதுன்னு அவர் எத்தனையோ தடவ சொல்லியும் பாத்துட்டார். அவர் கட்டினது இங்கிலாந்து பொண்ணு, குடியிருக்கிறது லண்டன் பக்கத்துல சர்ரேல. 19 வயசுல சொன்ன ஒரு வரி ஒரு மனுஷனோட பேருக்கு முன்னாடி இவ்ளோ வருஷம் நிக்கணுமா? எனக்கு இது இன்னைக்கும் ஆறவே இல்ல.

கேள்வி: 2013ல அவர் விம்பிள்டன் ஜெயிச்சப்ப என்ன நடந்துச்சு?

2012 ஃபைனல்ல ஃபெடரர்கிட்ட தோத்துட்டு மைக் முன்னாடி அழுதார், அன்னைக்கே நிறைய இங்கிலாந்து ஜனங்க மனசு மாறிடுச்சுன்னு சொல்வாங்க. நாலு வாரத்துல அதே சென்டர் கோர்ட்ல அதே ஃபெடரர தோக்கடிச்சு ஒலிம்பிக் தங்கம். அடுத்த வருஷம், 2013 ஜூலை 7, ஜோகோவிச்சோட ஃபைனல், 6-4, 7-5, 6-4. ஸ்கோர பாத்தா ஈஸியா தெரியும், ஆனா அந்த கடைசி கேம பாத்தவங்களுக்கு தான் தெரியும். 40-0, மூணு சாம்பியன்ஷிப் பாயின்ட் கைல இருக்கு, மூணும் போயிடுச்சு, ஜோகோவிச் பிரேக் பாயின்ட் வரைக்கும் வந்துட்டார், வெயில் வேற கொளுத்துது, நாலாவது சாம்பியன்ஷிப் பாயின்ட்ல தான் ஜோகோவிச் அடிச்ச பேக்ஹேண்ட் நெட்ல விழுந்துச்சு. நான் அன்னைக்கு டெஸ்க்ல உக்காந்து அந்த ஒரு கேம் முடியுற வரைக்கும் கீபோர்ட தொடவே இல்ல.

அப்புறம் தான் ராயல் பாக்ஸ் காட்சி. முன்னாடி பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் கை தட்டிட்டு இருக்கார், அவருக்கு பின்னாடி ஸ்காட்லாந்து முதல் அமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் நீலத்துல வெள்ளை குறுக்குக்கோடு போட்ட ஸ்காட்லாந்து கொடிய விரிச்சு ஆட்டுறார். பெரிய கொடிய உள்ள கொண்டு வர விம்பிள்டன்ல தடை, அவரோட மனைவி கைப்பைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்தாங்கன்னு அப்புறம் செய்தி வந்துச்சு. அடுத்த வருஷம் ஸ்காட்லாந்து தனி நாடா ஆகணுமான்னு ஓட்டெடுப்பு வரப் போகுது, அத மனசுல வச்சு பாருங்க. கோர்ட்ல நிக்கிறவன் ஒருத்தன், அவன் வேர்வை இன்னும் காயல, மேல ரெண்டு அரசியல்வாதி ஒரே ஃபோட்டோ ஃப்ரேமுக்குள்ள அவன ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குறாங்க.

கேள்வி: "77 வருஷத்துக்கு அப்புறம் முதல் பிரிட்டிஷ் சாம்பியன்"னு எழுதினாங்களே, அது சரி தானா?

பாதி தான் சரி. ஆண்கள் ஒற்றையர்ல 1936ல ஃப்ரெட் பெர்ரி ஜெயிச்சதுக்கு அப்புறம் இவர் தான், அது வரைக்கும் ஓகே. ஆனா "ஆண்கள்"ங்கற வார்த்தைய விட்டுட்டு "பிரிட்டனுக்கு முதல்"னு பல இடத்துல தலைப்பு போட்டாங்க. நடுவுல 1937ல டோரத்தி ரவுண்ட், 1961ல ஏஞ்சலா மார்ட்டிமர், 1969ல ஆன் ஜோன்ஸ், 1977ல வர்ஜீனியா வேட், நாலு பிரிட்டிஷ் பெண்கள் விம்பிள்டன் ஜெயிச்சிருக்காங்க, அவங்க எல்லாம் எங்க போனாங்க? ஒருத்தர "நம்மாளு"ன்னு தூக்கி வைக்கிற அவசரத்துல வேற நாலு நம்மாளுங்கள அழிச்சுட்டாங்க. இந்த மாதிரி விஷயத்துல முர்ரே ரொம்ப கவனமானவர்ங்கறதையும் சொல்லணும். 2016 ரியோ ஒலிம்பிக்ல, டென்னிஸ்ல ரெண்டு தங்கம் வாங்கின முதல் ஆள் நீங்க தானேன்னு பிபிசி காரர் கேட்டப்ப, வீனஸும் செரீனாவும் ஆளுக்கு நாலு வாங்கியிருக்காங்கன்னு அங்கயே திருத்தினார். தன் மேல தப்பான லேபிள் ஒட்டினா எப்டி இருக்கும்னு தெரிஞ்சவர் தானே.

அந்த ஃப்ரெட் பெர்ரி கதையும் லேசுப்பட்டதில்ல. அவர் ஒரு தொழிலாளர் கட்சி எம்.பி.யோட மகன், பணக்கார டென்னிஸ் கிளப் ஆளுங்களுக்கு அவர பிடிக்கவே பிடிக்காது. மூணு தடவ வரிசையா விம்பிள்டன் ஜெயிச்சும் அவர் ப்ரொஃபஷனலா மாறினதும் கிளப்ல இருந்து எடுத்துட்டாங்க, அவர் அமெரிக்க குடிமகனா ஆகிட்டார். 1984ல தான் விம்பிள்டன்ல அவருக்கு சிலை வச்சாங்க. 77 வருஷமா "நம்ம பெர்ரி, நம்ம பெர்ரி"ன்னு ஏங்கின நாடு, பெர்ரி ஆடுறப்ப அவர எப்டி நடத்துச்சுன்னு எழுதாம தாண்டிப் போயிடும்.

கேள்வி: பேப்பர்காரங்க வேணும்னே தான் "ஸ்காட்டிஷ்"னு மாத்தினாங்களா?

உள்ள இருந்து பாத்தவன்ங்கற முறைல சொல்றேன், பாதிக்கு மேல யோசிக்காம நடக்குறது தான். ஸ்போர்ட்ஸ் எழுத்துல ஒரு பழக்கம் இருக்கு, முதல் வரில பேர் போட்டா ரெண்டாவது வரில அதே பேர திருப்பி போடக்கூடாதுன்னு. அதனால முதல்ல "முர்ரே", அடுத்து "ஸ்காட்லாந்து வீரர்", அடுத்து "26 வயசான இவர்", அடுத்து "நடப்பு சாம்பியன்". செய்தி ஏஜென்சி அனுப்புற செய்தி இங்கிலீஷ்ல அப்டியே வரும், ராத்திரி பேஜ் போக வேண்டிய நேரம் நெருங்கிட்டு இருக்கும், நாங்களும் அப்டியே தமிழ் பண்ணிடுவோம். இன்னொன்னு தலைப்பு. இங்கிலீஷ்ல "ஸ்காட்"ங்கறது நாலே எழுத்து, ஒரே பத்தி அகலத்துல அழகா உக்காரும். அதனால ஜெயிச்சப்பயும் "ஸ்காட்"னு போட்டிருக்காங்க, தோத்தப்பயும் "பிரிட்டிஷ்"னு போட்டிருக்காங்க, தேடுனா ரெண்டுக்கும் உதாரணம் கெடைக்கும்.

அப்ப ஸ்காட்லாந்துக்காரங்க சொன்னது பொய்யான்னா, அதுவும் இல்ல. யோசிக்காம கை தானா ஒரு வார்த்தைய எடுக்குது பாருங்க, அந்த கை எப்ப எத எடுக்குதுங்கறதுல தான் விஷயமே இருக்கு. சந்தோஷமா இருக்கிறப்ப "நம்ம"ங்கற வார்த்தை தானா வரும், கோவமா இருக்கிறப்ப "அவன்" தானா வரும். வீட்லயே பாருங்க, பையன் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினா "என் பையன்", ஃபெயில் ஆனா "உன் பையன் என்ன பண்ணி வச்சிருக்கான் பாரு". இதுல சதி ஒண்ணும் வேண்டியதில்ல, ஆனா அடி வாங்குறவனுக்கு வலி வலி தான்.

கேள்வி: 2014 ஓட்டெடுப்புல முர்ரே என்ன பண்ணார்?

செப்டம்பர் 18, ஓட்டு போடுற நாள் அன்னைக்கு, தனி நாடு வேணும்ங்கற பக்கம் சாஞ்சு ஒரு ட்வீட் போட்டார். அவர் இங்கிலாந்துல குடியிருந்ததால அவருக்கு ஓட்டே கிடையாது. அதுக்கு வந்த வசவு கொஞ்ச நஞ்சம் இல்ல, அவர் சின்ன வயசுல படிச்ச ஸ்கூல்ல 1996ல துப்பாக்கிச்சூடு நடந்து 16 குழந்தைங்களும் ஒரு டீச்சரும் செத்துப் போனாங்க, அத இழுத்து வச்செல்லாம் எழுதினாங்க. ஓட்டெடுப்புல தனி நாடு வேணாம்னு 55 சதவீதம் வந்துச்சு. சொன்ன கருத்துக்கு வருத்தம் இல்ல, சொன்ன விதம் தான் சரியில்லன்னு அவர் அப்புறம் சொன்னார். அடுத்த வருஷமே, 2015ல, டேவிஸ் கோப்பை ஃபைனல்ல பெல்ஜியம் போய் பிரிட்டனுக்காக ஆடி, ரெண்டு சிங்கிள்ஸ், அண்ணன் ஜேமியோட சேர்ந்து ஒரு டபுள்ஸ், மூணு வெற்றியும் அவர் கை பட்டு தான் வந்துச்சு. அதுவும் பிரிட்டனுக்கு 1936க்கு அப்புறம் முதல் தடவ.

கேள்வி: இது பிரிட்டன்ல மட்டும் தானா?

இல்லவே இல்ல, இத விட மோசமா ஜெர்மனில நடந்துச்சு. மெசுட் ஓசில், 2014 உலகக்கோப்பை ஜெயிச்ச ஜெர்மனி டீம்ல ஆடினவர், நாட்டுக்காக 92 மேட்ச். 2018 மே மாசம் லண்டன்ல துருக்கி அதிபர் எர்டோகனோட ஃபோட்டோ எடுத்துக்கிட்டார், அப்ப துருக்கில தேர்தல் வேற வரப் போகுது. அந்த ஃபோட்டோவ தப்புன்னு சொல்றதுக்கு யாருக்கும் உரிமை இருக்கு, எனக்கும் அது சரியா படல. ஆனா அடுத்த மாசம் உலகக்கோப்பைல ஜெர்மனி தென் கொரியாகிட்ட 2-0னு தோத்து முதல் ரவுண்ட்லயே வெளிய வந்துச்சு பாருங்க, அப்ப பதினோரு பேர் தோத்தத ஒருத்தன் தலைல கட்டினாங்க. ஜூலை 22ந் தேதி அவர் நீளமா ஒரு அறிக்கை விட்டு நேஷனல் டீம்ல இருந்து விலகினார். ஜெயிச்சா ஜெர்மன்காரன், தோத்தா குடியேறினவன், ஜெர்மன் ஃபுட்பால் சங்கத் தலைவர் கண்ணுக்கும் அவர் ஆளுங்க கண்ணுக்கும் நான் அப்டி தான் தெரியுறேன்னு எழுதினார்.

அந்த அறிக்கைல இன்னொரு கேள்வி கேட்டார், அது தான் என்ன நிறுத்தி யோசிக்க வச்சுது. பொடோல்ஸ்கி, க்ளோசே இவங்கள எல்லாம் "ஜெர்மன்-போலிஷ்"னு யாரும் எழுதுறதில்ல, என்ன மட்டும் ஏன் "ஜெர்மன்-துருக்கி"ன்னு எழுதுறீங்கன்னு. இப்ப இத கவனிங்க. பொடோல்ஸ்கியும் க்ளோசேயும் பொறந்ததே போலந்துல. ஓசில் பொறந்தது ஜெர்மனில கெல்சன்கிர்சென்ல, தாத்தா காலத்துல துருக்கில இருந்து வந்த குடும்பம். வெளிய பொறந்தவன் வெறும் ஜெர்மன், உள்ள பொறந்தவனுக்கு ஒரு வால். மதமும் பேரும் தான் அந்த வால ஒட்டுச்சுன்னு வேற எப்டி சொல்றது.

பெல்ஜியத்துல லுகாகுவும் இதையே தான் எழுதினார், நல்லா ஆடினா பெல்ஜியம் ஸ்ட்ரைக்கர், சரியா ஆடலன்னா காங்கோ வம்சாவளி பெல்ஜியம் ஸ்ட்ரைக்கர்னு. அவர் பொறந்தது ஆன்ட்வெர்ப்ல. பிரான்ஸ்ல பென்சிமாவும் கோல் போட்டா ஃபிரெஞ்ச், போடலன்னா அரபுன்னு சொன்னார். மூணு நாடு, மூணு பேரும் ஒரே வரிய சொல்றாங்க, சொல்லி வச்ச மாதிரி.

கேள்வி: இதுக்கெல்லாம் முன்னாடி பென் ஜான்சன் கதை ஒண்ணு இருக்கே?

1988 சியோல் ஒலிம்பிக், செப்டம்பர் 24, 100 மீட்டர், 9.79 செகண்ட். கனடாவே ஆடுச்சு, பிரதமர் மல்ரோனி டிவி லைவ்ல ஃபோன் போட்டு வாழ்த்தினார். மூணே நாள்ல ஊக்கமருந்துல மாட்டி மெடல் போச்சு. அவர் 14 வயசு வாக்குல ஜமைக்கால இருந்து வந்தவர்ங்கறது எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், ஆனா ஓடி ஜெயிச்ச அன்னைக்கு "கனடா வீரர்"னு இருந்தது, மாட்டினதுக்கு அப்புறம் "ஜமைக்காவில் பிறந்த"ன்னு நீண்டுச்சு. இப்டி மாறினத பத்தி கனடாவ வச்சே ஆராய்ச்சி எல்லாம் பண்ணி எழுதியிருக்காங்க. தப்பு பண்ணது பண்ணது தான், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா கூட இருந்த கோச் கனடாக்காரர் தான், அந்த தப்பு கனடாலயே வளர்ந்தது. லேபிள மாத்தினா தப்பும் எல்லை தாண்டி ஜமைக்காவுக்கு போயிடுது பாருங்க, அதுக்கு தான் இந்த வேலை.

கேள்வி: வெளிநாட்டுல பொறந்தவங்கள அப்டி எழுதுறதுல என்ன தப்பு, உண்மை தானே?

உண்மை தான், எழுதலாம். பிரிட்டிஷ் ஓட்டக்காரர் மோ ஃபரா சோமாலி குடும்பத்துல பொறந்தவர்ங்கறது அவரோட கதைல முக்கியமான பகுதி. 2012 லண்டன்ல தங்கம் வாங்கின அப்புறம், சோமாலியாவுக்காக ஓடியிருந்தா நல்லா இருந்திருக்குமோன்னு ஒரு நிருபர் கேட்டப்ப, இது தான் என் நாடுன்னு பளிச்சுன்னு சொன்னார். அந்த ஒலிம்பிக் சமயத்துல தான் வெளிய பொறந்த வீரர்கள "பிளாஸ்டிக் பிரிட்", அதாவது போலி பிரிட்டிஷ்காரங்கன்னு ஒரு பேப்பர் கிளப்பி விட்டுச்சு. பத்து வருஷம் கழிச்சு, 2022ல, சின்ன பையனா இருந்தப்ப வேற ஒரு குழந்தை பேர்ல தன்ன கடத்திட்டு வந்து வீட்டு வேலை செய்ய வச்சாங்க, தன்னோட நிஜப் பேர் ஹுசைன் அப்தி கஹின்னு அவரே சொன்னார். ஒரு மனுஷன் எந்த நாட்டுக்காரன்ங்கறதுக்கு பின்னாடி இவ்ளோ இருக்கும், அத ஒரு வார்த்தைல நக்கலா எழுதிட்டு போயிட்டாங்க.

சரி, உள்ளயே பொறந்தா விட்டுடுவாங்களான்னா அதுவும் இல்ல. 2021 ஜூலை 11, யூரோ ஃபைனல், இத்தாலிகிட்ட இங்கிலாந்து பெனால்டில தோக்குது. ராஷ்ஃபோர்ட், சான்ச்சோ, சாக்கா மூணு பேரும் மிஸ் பண்ணாங்க, மூணு பேரும் கருப்பு நிறம், அன்னைக்கு ராத்திரியே ஃபோன்ல கொட்டின அசிங்கம் இருக்கே. ராஷ்ஃபோர்ட் பொறந்தது மான்செஸ்டர், மத்த ரெண்டு பேரும் லண்டன், சாக்காவுக்கு அப்ப 19 வயசு. மான்செஸ்டர் விதிங்டன்ல செவுத்துல ராஷ்ஃபோர்ட் படம் வரைஞ்சிருந்தாங்க, அது மேலயும் கிறுக்கிட்டாங்க. விடிஞ்சதும் ஊர் ஜனங்க வந்து அந்த கிறுக்கல் மேல துண்டு பேப்பர், காகித இதயம், குழந்தைங்க எழுதின லெட்டர்னு ஒட்டி ஒட்டி அது வெளிய தெரியாத மாதிரி பண்ணாங்க. அந்த ஃபோட்டோ ஏஜென்சில வந்தப்ப டெஸ்க்ல யாரும் பேசல.

கேள்வி: நம்ம இந்தியால இப்டி எல்லாம் கிடையாதே?

இருக்குங்க. இங்க நாட்டுக்கு பதிலா மதம், சாதி, முகம்னு வரும், அவ்ளோ தான். 2021 அக்டோபர் 24, துபாய்ல பாகிஸ்தான்கிட்ட 10 விக்கெட்ல தோத்தோம், ஒருத்தர் கூட விக்கெட் எடுக்கல, ஆனா ஷமிய மட்டும் தேடிப் போய் திட்டினாங்க. கோலி அவருக்காக வெளிப்படையா பேசினார். 2023 நவம்பர்ல அதே ஷமி உலகக்கோப்பை செமி ஃபைனல்ல நியூசிலாந்து கூட 7 விக்கெட் எடுத்தப்ப அவர் திரும்ப நம்ம ஷமி. அதே 2021ல டோக்கியோல வந்தனா கட்டாரியா, ஒலிம்பிக் ஹாக்கில ஹாட்ரிக் அடிச்ச முதல் இந்திய பொண்ணு, நாலு நாள் கழிச்சு செமி ஃபைனல்ல டீம் தோத்ததும் ஹரித்வார் பக்கத்துல அவங்க வீட்டு வாசல்ல பட்டாசு வெடிச்சு சாதிய சொல்லி திட்டினாங்க, போலீஸ் கேஸ் ஆச்சு. மணிப்பூர்ல இருந்து வந்த மீராபாய் சானு பளுதூக்குதல்ல வெள்ளி வாங்கினப்ப, அஸ்ஸாம்ல இருந்து வந்த அங்கிதா கொன்வர் ஒரு விஷயம் எழுதினாங்க, வடகிழக்குக்காரங்க மெடல் வாங்கினா தான் இந்தியர், மத்த நாள் எல்லாம் சைனாக்காரன், நேபாளின்னு தான் கூப்பிடுறீங்கன்னு. சென்னைல ஹோட்டல்லயும் பார்லர்லயும் வேலை பாக்குற மணிப்பூர், மிசோரம் பசங்ககிட்ட கேட்டு பாருங்க, அது உண்மையா இல்லையான்னு.

கேள்வி: குகேஷ் தமிழரா தெலுங்கரா?

இந்த கேள்வி தான் ரொம்ப அதிகமா வந்தது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல டிங் லிரன 7.5-6.5னு ஜெயிச்சு 18 வயசுல உலக செஸ் சாம்பியன். தமிழ்நாடு அரசு 5 கோடி அறிவிச்சுது, அந்த பக்கம் சந்திரபாபு நாயுடு நம்ம தெலுங்குப் பையன்னு வாழ்த்து போட்டார், அடுத்த ஒரு மணி நேரத்துல ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டாங்க. அவர் சென்னைல பொறந்து வளர்ந்தவர், தெலுங்கு பேசுற குடும்பம், ஆடினது இந்தியக் கொடிக்கு கீழ. மூணும் சேர்ந்தது தான் அவர், தமிழ்நாட்டுல எத்தனை லட்சம் வீட்ல இதே கதை தான், இதுல யாருக்கு என்ன குறைஞ்சு போச்சுன்னு எனக்கு புரியவே இல்ல. அப்பாவும் அம்மாவும் பட்ட கஷ்டத்த எழுத வேண்டிய நாள்ல வீட்ல என்ன பாஷை பேசுறாங்கன்னு நோண்டிட்டு இருந்தோம்.

கேள்வி: அப்ப "தமிழக வீரர்"னு எழுதவே கூடாதா?

தாராளமா எழுதலாம். நடராஜன் சின்னப்பம்பட்டில இருந்து போய் ஆஸ்திரேலியால ஒரே டூர்ல மூணு ஃபார்மேட்லயும் அறிமுகம் ஆனார், அத சேலத்துக்காரன் பேப்பர்ல பாத்து சந்தோஷப்படாம வேற யார் படுவா. ஊர்ப்பாசம் தப்பே கிடையாது. நாளைக்கு அவர் நாலு ஓவர்ல 50 ரன் குடுத்தாலும் அன்னைக்கும் "தமிழக வீரர்"னு எழுதுவீங்களா, அத மட்டும் கேட்டுக்கோங்க.

கேள்வி: "இந்திய வம்சாவளி வீரர்"னு வெளிநாட்டு வீரர்கள எழுதுறோமே?

2023 உலகக்கோப்பைல நியூசிலாந்தோட ரச்சின் ரவீந்திரா மூணு சதம் அடிச்சார், அவர் பொறந்தது வெலிங்டன், அப்பா அம்மா பெங்களூருக்காரங்க. ராகுலும் சச்சினும் சேர்ந்தது தான் ரச்சின்னு அந்த பேர வச்சே நாங்க எல்லாரும் ஒரு பத்தி எழுதினோம், அப்புறம் அவங்க அப்பாவே, அப்டி திட்டம் போட்டு எல்லாம் வைக்கலன்னு சொல்லிட்டார். வம்சாவளி எழுதுறது தப்பில்ல. ஆனா டக் அவுட் ஆன அன்னைக்கு நாம அவர வம்சாவளின்னு எழுதறதில்ல, அன்னைக்கு அவர் வெறும் நியூசிலாந்து வீரர். பிரிட்டிஷ் பேப்பர் முர்ரேவுக்கு பண்ணுச்சுன்னு சொல்றத தான் நாமளும் இங்க பண்ணிட்டு இருக்கோம்.

கேள்வி: இதுக்கு எழுதி வச்ச ரூல் ஏதும் இருக்கா?

இருக்கு. பிரிட்டன்ல பத்திரிகைங்களுக்கான நடத்தை விதில 12வது பிரிவு, ஒருத்தரோட இனம், நிறம், மதம் எல்லாம் செய்திக்கு நிஜமாவே சம்பந்தம் இருந்தா தான் எழுதணும்னு சொல்லுது. நம்ம பிரஸ் கவுன்சில் விதியும் சாதி பேர் போட்டு ஒருத்தர தாழ்வா காட்டக்கூடாதுன்னு இருக்கு. ஆனா "ஸ்காட்டிஷ்"னு போடுறதோ "மணிப்பூர் வீரர்"னு போடுறதோ இதுல எதுலயும் மாட்டாது. வார்த்தை தனியா பாத்தா சுத்தமா இருக்கும், ரெண்டு நாள் பேப்பர பக்கத்து பக்கத்துல வச்சா தான் அழுக்கு தெரியும். அதனால புகார் குடுக்கவும் முடியாது.

கேள்வி: நீங்க டெஸ்க்ல இருந்தப்ப இப்டி எழுதினதே இல்லையா?

எழுதியிருக்கேன். ஒரு உள்ளூர் ஃபுட்பால் லீக், மணிப்பூர் பையன் ஒருத்தர் சென்னை டீமுக்கு ஆடினார். ஒரு மேட்ச்ல ரெண்டு கோல் போட்டார், நான் தான் "சென்னை வீரர் அசத்தல்"னு ஹெட்டிங் போட்டேன். அடுத்த வாரம் கடைசி நிமிஷத்துல அவர் கால்ல பட்டு சேம் சைட் கோல் ஆகி டீம் தோத்துச்சு. அன்னைக்கு ராத்திரி நேரம் ஆகிடுச்சு, லேஅவுட் ஆள் பக்கத்துல நின்னு அவசரப்படுத்துறார், நான் "மணிப்பூர் வீரரால் சென்னை தோல்வி"ன்னு அடிச்சு அனுப்பிட்டேன். சத்தியமா ஒரு செகண்ட் கூட யோசிக்கல.

மறுநாள் சாயங்காலம் ஆஃபீஸ் லேண்ட்லைனுக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டார். வியாசர்பாடில இருந்து பேசுறேன், தெனம் பசங்க ஆட்டம் பாக்குறவன்னு சொன்னார். "தம்பி, போன வாரம் அந்தப் புள்ள சென்னை வீரர், இந்த வாரம் மணிப்பூர் வீரரா? இந்த ஏழு நாள்ல அவன் எங்கயும் போகலையேப்பா, இங்க தானே இருந்தான்"னாரு. நான் ஏதோ இடம் பத்தலன்னு சொல்லி சமாளிச்சேன். அவர் சத்தம் போடல, "அவன் பேர எழுதியிருந்தா அத விட கம்மி இடம் தானேப்பா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டார்.

ரெண்டு பேப்பரையும் எடுத்து டேபிள் மேல பக்கத்து பக்கத்துல விரிச்சு பாத்தேன். அடுத்த மேட்ச் செய்தில அவர் பேர மட்டும் போட்டேன், பக்கத்துல டீம் பேர். ஒரே வரில அடங்கிடுச்சு.